சிவப்பியை வித்து வாங்கின போட்

ஆராவது என்னட்ட வந்து, "நல்லதம்பி அண்ணை கெட்டிக்காரன், பழைய போட்டை வாங்கித் தானே திருத்தி ஓட்டுறார்" எண்டு சொன்னால் எனக்கு வாய் சும்மா கிடக்காது. அதால முழுக்கதையையும் நானே சொல்லிப்போடுறன். பிறகு ஜெகதீஸ்வரி வாய்க்காரி எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. சொன்னாலும் எனக்கென்ன.

என்ர மனுசன் நல்லதம்பி கடலைப் பாத்து வளந்தவர் இல்லை. நாங்கள் முள்ளியவளை ஆக்கள். வயலும் மாடும்தான் தெரியும். மீன் எண்டால் சைக்கிள்ல பெட்டி கட்டிக்கொண்டு வாறது எண்டு நினைச்சுக்கொண்டிருந்த பரம்பரை. இவர் இருவத்தாறு வருசம் நெல்லு மில்லில லொறி ஓட்டினவர். மில் பூட்டுப்பட்டாப் பிறகு வாசல்ல ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு இருந்தார். இருந்தார் எண்டால் இருந்தார்தான். மூண்டு வருசம். சோத்தைக் குடுத்தால் தின்னுவார், தேத்தண்ணியைக் குடுத்தால் குடிப்பார். முந்தி கறியில உப்பு ஒரு கல்லுக் குறைஞ்சால் நாலு வீட்டுக்குக் கேக்கக் கத்துற மனுசன். வேணுமெண்டே ஒருநாள் நான் உப்பே போடாமல் வைச்சுப் பாத்தனான். மெதுவாச் சாப்பிட்டு முடிச்சு, கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுத் திரும்பக் கதிரையில போய் இருந்தார். அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டு அழுதனான்.

பிறகு ஒருநாள் பின்னேரம் படலையடியில இவற்ற குரல் கேட்டுது. "ஈசு! ஏய் ஈசு!" எண்டு ஒரே கத்தல். பாம்பு கீம்பு கடிச்சுப்போட்டுதோ எண்டு அகப்பையோட ஓடி வந்தன். பாம்புமில்லை, பல்லியுமில்லை. மஹ்றூப் நானா தன்ர போட்டை விக்கிறாராம்.

மஹ்றூப் நானாவை லொறி ஓடின காலத்தில இருந்து இவருக்குத் தெரியும். முல்லைத்தீவில யாவாரம். புத்தளத்தில கனகாலம் இருந்திட்டுத் திரும்பி வந்து கடையும் போட்டு, கையோட ஒரு சின்ன போட்டும் வாங்கி வைச்சிருந்தவர். இப்ப முழங்கால் வருத்தமாம், கடலுக்கு இறங்க ஏலாதாம்.

"அதுக்கு நீங்கள் ஏன் துள்ளுறியள்?" எண்டன்.

இவர் என்ர முகத்தைப் பாக்கேல்லை. கொட்டில் பக்கம் பாத்தார். "சிவப்பியைத் தாறியோ?" எண்டார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அகப்பை கையில கிடந்தது அவற்ற கெட்ட காலம். சிவப்பி ஆற்ற பசு? தாய் செத்துப்போன கண்டை நான் போத்திலில பால் பருக்கி வளத்தனான். என்னைத் தவிர ஒருத்தரையும் மடியில கை வைக்க விடாது. மூண்டு நாள் நான் கத்தினன். அந்த மூண்டு நாளும் இவரும் திருப்பிக் கத்தினார். பக்கத்து வீட்டு மீனம்மா வேலியால எட்டிப் பாத்து, "என்ன ஈசு, நல்லதம்பியருக்குச் சுகம் வந்திட்டுது போல" எண்டா. அது சரி. ஆனா சுகத்துக்கு விலை என்ர பசுவோ?

நாலாம் நாள் நான் ஓமெண்டன். கெடுகுடி சொற்கேளாது, வேறென்ன செய்ய. ஆனா ஒரு கதை கதைச்சுப்போட்டுத்தான் குடுத்தனான். வட்டாப்பளை அம்மாளாச்சி கோயில் பொங்கலுக்கு முதல் அந்தப் போட் ஒழுங்கா ஓடோணும். ஓடாட்டிப் போட்டை வித்து என்ர பசு என்ர கொட்டிலுக்கு வரோணும். உடையார்கட்டில இருந்து வந்து சிவப்பியை வாங்கின தங்கராசாவுக்கும் அதைச் சொன்னனான். மலைநாட்டில இருந்து வந்து காடு வெட்டிக் காணியாக்கின குடும்பம். நல்ல மனுசன். "அக்கா, பொங்கல் மட்டும் உங்க மாடாவே நெனச்சுப் பாத்துக்கிறேன். அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, கொண்டாந்து கட்டிர்றேன்" எண்டு சொல்லி, சிவப்பியை லான்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு போனார். அது என்னைப் பாத்துக் கத்திக்கொண்டே போச்சு.

சிலாவத்தைக் கரையில கிடந்த போட்டைப் போய்ப் பாத்தன். ஐயோ, அதின்ர கோலத்தை என்னெண்டு சொல்ல! பச்சை பெயின்ற் பொருக்குப் பொருக்கா உரிஞ்சு கிடக்கு. உள்ளுக்கை நண்டு குடும்பம் நடத்துது. முன்பக்கத்தில ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. மஹ்றூப் நானா ஒண்டையும் மறைக்கேல்லை. "உள்ளதைச் சொல்லித்தான் தாறன் நல்லதம்பி. வெடிப்பு இருக்கு, ஒட்டோணும். இஞ்சின் பழசு, ஆனா ஓடும். பெற்றோல் தாங்கி மூடியில ஒரு சின்னத் திருகாணி உடைஞ்சு விழுந்திட்டுது, அது காரியமில்லை. ஓடி வந்த உடன நல்ல தண்ணியில இஞ்சினைக் கழுவோணும், அதை மட்டும் மறந்திடாதீங்க" எண்டார்.

இவர் தலையை ஆட்டின ஆட்டில எல்லாம் விளங்கினது எண்டு நானும் நம்பினன்.

முதல் வேலை வெடிப்பு. அதுக்கு ஒரு பசை, அந்தப் பசை இறுக ஒரு மருந்து, மேல ஒட்டக் கண்ணாடி நார்த் துணி. பசையைக் கரைக்க இவர் எடுத்தது எதை? என்ர பால் வாளியை. "பசுத்தான் இல்லையே, வாளி ஏன்?" எண்டு ஒரு கதை வேற. மருந்தை நாலு சொட்டு விட வேண்டிய இடத்தில, கெதியா இறுகட்டும் எண்டு கண்மதிப்பாச் சரிச்சு ஊத்தினார். வாளி புகைச்சுது. பிறகு சுட்டுது. கலக்கின தடியை இழுக்கிறார், வருகுதில்லை. தடியைத் தூக்க வாளியும் சேர்ந்து வந்துது. நான் அண்டைக்குக் கதைச்ச கதையில கரையில நிண்ட காகமெல்லாம் எழும்பிப் போச்சு. இரண்டாந்தரம் பேணி ஒண்டில அளந்து கரைச்சு ஒட்டினார். அது நல்லா ஒட்டிச்சுது, பொய் சொல்லப்படாது. தேய்ச்சு, நீலப் பெயின்ற் அடிச்சாப் பிறகு போட்டைப் பாக்க எனக்கே ஆசையாக் கிடந்தது. சொல்லேல்லை.

அடுத்தது இஞ்சின். பிளக்கைக் கழட்டி உரஞ்சினார். காபரேட்டரைக் கழட்டிப் பல்லுத் தீட்டுற பிறஸ்ஸால கழுவினார். தண்ணி இழுத்து இஞ்சினைக் குளிராக்கிற றப்பர்ச் சில்லு தேய்ஞ்சு கிடக்கு எண்டு புதுசு வாங்கிப் போட்டார். லொறி ஓடின கை, அதில குறை சொல்ல ஏலாது. பெற்றோல் தாங்கியைத் துடைக்கேக்கதான் மூடியில அந்தத் திருகாணி இருந்த ஓட்டையைக் கண்டார்.

"பார் ஈசு, இதால பெற்றோல் முழுக்கக் காத்தாப் போகும். நானாவுக்கு இது காரியமில்லையாம்!"

இதை நீங்கள் விளங்கோணும். சண்டை நேரம் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில வன்னிக்குள்ள பெற்றோல் எண்டது மருந்து மாதிரி. சின்னப் போத்திலில கிடைக்கும். நாலு சொட்டை விட்டு மோட்டச்சைக்கிளை உதைச்சு எழுப்பிப்போட்டு, மிச்ச ஓட்டம் மண்ணெண்ணெயில. அந்தப் போத்திலின்ர மூடிக்குக் கீழ பொலித்தீன், மேல சவுக்காரம். காத்து ஒரு சொட்டுக் குடிக்கப்படாது. பிறகு இந்தப் பெற்றோல் செட்டில நாள்க்கணக்கா வரிசையில நிண்ட வருசமும் வந்து போச்சு. அப்பிடி வாழ்ந்த சனத்துக்குப் பெற்றோல் தாங்கியில ஒரு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்குமோ? "கொஞ்சம் சவுக்காரம் தா" எண்டார். உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தில ஒரு துண்டு கிள்ளிக் குடுத்தது ஆர்? நான்தான். நல்லாக் குழைச்சு இறுக்கி அடைச்சார். "இப்பதான் சரி" எண்டு நானும் சொன்னனான்.

பீப்பாவில தண்ணி நிரப்பி, இஞ்சினை அதுக்குள்ள இறக்கி ஓட்டிப் பாத்தம். தாங்கியில இருந்து இஞ்சினுக்குப் போற குழாயில ஒரு றப்பர் உருண்டை இருக்கு. அதை அமத்தி அமத்தி இறுகினாப் பிறகுதான் கயித்தை இழுக்கோணும். "நீ கறக்கிறவள்தானே, அமத்து" எண்டார். அமத்தினன். இரண்டு இழுவையில இஞ்சின் பிடிச்சுது. இரண்டு மூண்டு நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டினார். இவற்ற முகத்தைப் பாக்கோணுமே, எங்கட கலியாணத்தண்டைக்குக் கூட அப்பிடி இருக்கேல்லை.

ஆனா கடலுக்கை போனால் ஐஞ்சு நிமிசம். எண்ணி ஐஞ்சு நிமிசம் ஓடும். பிறகு இருமும், திக்கும், நிண்டிடும். முதல் நாள் துடுப்பால வலிச்சுக்கொண்டு வந்தார். இரண்டாம் நாளும் மூண்டாம் நாளும் வேற போட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தினம். இதில விசர் என்னெண்டால், கரைக்கு வந்து, பெற்றோல் கிடக்கோ எண்டு மூடியைத் திறந்து பாத்திட்டு, பீப்பாவில வைச்சு இழுத்தால் உடன பிடிக்கும். "கடலைக் கண்டால் இதுக்குப் பயம்" எண்டார் இவர்.

கரையில நிண்டவை ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தர் பிளக்கை மாத்து எண்டார். ஒருத்தர் கண்ணூறுக்குத் தேசிக்காய் கட்டு எண்டார். பரமேஸ்வரன் எண்டொருத்தர், எங்கட போட்டைக் கட்டி இழுத்து வந்தவர், "பெற்றோலுக்கை தண்ணி கலந்திட்டுது அண்ணை. கடல்தண்ணியில விளக்கெரியிறது வட்டாப்பளை அம்மாளாச்சிக்கு மட்டும்தான். உங்கட இஞ்சினுக்கு எரியாது" எண்டு சொல்ல எல்லாரும் சிரிச்சுக் கொட்டினம். இவர் மட்டும் சிரிக்கேல்லை. மஹ்றூப் நானா முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு வந்து, "நான் ஒருக்காப் பாக்கட்டோ?" எண்டு கேட்டவர். "வித்தவர் வித்தவராவே நிக்கோணும்" எண்டு இவர் முறிச்சுச் சொல்லிப்போட்டார். ஆணவம்! அதை மட்டும் கழட்டித் துடைக்க ஒரு ஆயுதமும் இல்லை.

காபரேட்டரை இன்னும் நாலு தரம் கழட்டினார். பொங்கலும் கிட்ட வந்திட்டுது. தங்கராசா ரெலிபோன் எடுத்து, "மாடு நல்லாருக்குக்கா. ஆனா ஒங்களத் தேடுது" எண்டார்.  சும்மா சொல்லக்கூடாது, நான் கொட்டிலைக் கூட்டி, புதுக்கயிறும் வாங்கி வைச்சிட்டன்.

பொங்கல் திங்கட்கிழமை. ஞாயிறு காலமை இவர் எனக்கு முன்னால வந்து நிண்டார். "கடைசியா ஒருக்காப் பாப்பம். என்னோட ஒருத்தரும் வரமாட்டினமாம். நீ வாறியோ?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது" எண்டார்.

அட பாவி மனுசா, இவ்வளவு நாளும் நீந்தத் தெரியாமலோ கடலுக்கை போனனீங்கள்! பேசிக்கொண்டே, மஞ்சள் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினன். தாலிக்கொடியைப் பிடிச்சுக்கொண்டு அம்மாளாச்சியைக் கூப்பிட்டன். கரையில நிண்டவை தள்ளிவிட்டினம். இஞ்சின் பிடிச்சுது.

அந்த ஐஞ்சு நிமிசத்தை நான் மறக்கமாட்டன். கடல் எண்ணெய் தடவின மாதிரி அமைதி. போட் விசுக்கெண்டு போகுது. இவர் பின்னால இருந்து இஞ்சின் பிடியைப் பிடிச்சுக்கொண்டு, லொறியில ஏ-ஒன்பது றோட்டால போறவர் மாதிரி ஒரே கதை. "பார் ஈசு, அந்தா தெரியுது ரவர்! இந்தா, இதால நேர போனால் நாயாறு! ஒருநாளைக்குப் போவம், சோறு கட்டிக்கொண்டு போவம்! நீ இறால் குழம்பு வை, உப்பை மட்டும் பாத்துப் போடு!" காத்துக்கு மேலால கத்துறார். உப்பு! அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்துது, கண்ணும் கலங்கிச்சுது.

பிறகு இஞ்சின் இருமிச்சுது. திக்கிச்சுது. நிண்டிட்டுது.

இவர் கயித்தை இழுத்தார். ஏழெட்டுத் தரம் இழுத்தார். பிறகு விட்டிட்டார். ஒரு பேச்சும் பேசேல்லை, கத்தேல்லை, இஞ்சினுக்கு அடிக்கேல்லை. எழும்பி என்னைத் தாண்டி முன்பக்கம் போய்த் துடுப்பை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி இருந்தார். "சரி ஈசு. நாளைக்குத் தங்கராசாவுக்குச் சொல்லு, சிவப்பியைக் கொண்டரச் சொல்லி" எண்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாசல் கதிரையில மூண்டு வருசம் இருந்த குரல்.

எனக்குக் கை கால் சும்மா இருக்காது. அந்த றப்பர் உருண்டையைப் பிடிச்சு அமத்தினன். சப்பளிஞ்சு போய்க் கிடக்கு. அமத்தினால் திரும்ப ஊதுதில்லை. கறக்கிற கைக்கு அது தெரியும், உள்ளுக்கை இருக்கு, ஆனா இறங்குதில்லை. தாங்கியைப் பாத்தன். அதின்ர இரண்டு பக்கமும் பட்டினி கிடந்த கண்டின்ர வயிறு மாதிரி உள்ளுக்கை ஒட்டிக்கிடக்கு. மேல மூடி. மூடியில என்ர சவுக்காரம்.

ரின்பால் பேணி! நாப்பது வருசமாத் தேத்தண்ணி போடுறன். பேணியில ஒரு ஓட்டை போட்டால் பால் வருமோ? எதிர்ப்பக்கம் காத்துப் போக இன்னொரு ஓட்டை போட்டால்தானே ஊத்தலாம்! குசினிக்குள்ள நிண்ட எந்தப் பொம்பிளைக்கும் தெரிஞ்ச கதை. காத்துப் போகாமல் அடைச்சுப்போட்டு, பெற்றோல் வா வா எண்டால் எங்கால வரும்? கரையில மூடியைத் திறந்த உடன ஏன் ஓடிச்சுது எண்டும் அப்பதான் விளங்கிச்சுது. 

உடன சொன்னனோ? இல்லை. அதுதான் உண்மை, மறைக்கேல்லை. இவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலிக்கிறார். இது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் காணும். அளம்பிலில போட்டை வாங்க ஆள் ரெடி. செவ்வாய்க்கிழமை சிவப்பி புதுக்கயித்தில நிக்கும். என்ர பசு, என்ர கொட்டில், என்ர பால். நான் கேட்டதும் அதுதானே. அதில ஒரு பாவமும் இல்லை. அப்பிடியே இருந்தன். கரை கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்துது. இவர் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நான் பொறுக்க ஏலாமல், "உப்புக் குறைஞ்சால் என்ன செய்வியள்?" எண்டு கேட்டன். "பரவாயில்லை, இருக்கிறதைத் தின்னலாம்" எண்டார்.

எனக்கு வந்துதே ஒரு கோவம்! பரவாயில்லையாம்! தாலிக்கொடியில தொங்கின சேப்ரிபின்னைக் கழட்டி, அந்தச் சவுக்காரத்தை ஓங்கி ஒரு குத்துக் குத்தினன். உஸ் எண்டு காத்து உள்ள போச்சு. தாங்கி டக்கெண்டு வயித்தைத் தள்ளிச்சுது. "என்னடி சத்தம்?" எண்டார் திரும்பாமல். "ஒண்டுமில்லை, வலியுங்கோ" எண்டு சொல்லி, உருண்டையை அமத்தினன். பால் இறங்கிச்சுது. இறுகிச்சுது.

"வந்து இன்னொருக்கா இழுங்கோ."

"விடு ஈசு."

"இழுக்கச் சொன்னால் இழுக்கோணும்!"

ஒரே இழுவை. பிடிச்சுது. ஐஞ்சு நிமிசம் போச்சு, பத்து நிமிசம் போச்சு, நிக்கேல்லை. மனுசன் கூத்தாடுறார். கரைக்கு முன்னால மூண்டு வட்டம். "பாத்தியோ, காபரேட்டர்! அஞ்சாந்தரம் கழுவினதிலதான் ஊத்தை போயிருக்கு! கை ராசி!" எண்டு ஒரே புழுகம். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். என்ர பசுவைக் குடுத்திருக்கிறன், பேர் காபரேட்டருக்கு!

கரையில இறங்கி எல்லாருக்கும் புழுகி முடிச்சு, தாங்கியைத் தூக்கினவர் திடீரெண்டு நிண்டார். "எந்த மூதேவி இதில ஓட்டை போட்டது?" எண்டு கத்திக்கொண்டு, பொக்கற்றுக்குள்ள இருந்து சவுக்காரத் துண்டை எடுத்தார்.

மஹ்றூப் நானா அதைக் கண்டிட்டார். "நல்லதம்பி, இதையோ நீ அடைச்சனீ? யா அல்லாஹ்! அது காத்துப் போற ஓட்டையடா!" முழங்கால் வருத்தத்தையும் மறந்து மண்ணில இருந்து சிரிச்சார். கரை முழுக்கச் சிரிச்சுது. இவர் ஒருத்தரையும் பாக்கேல்லை. என்ர கழுத்தைப் பாத்தார். கொடியில தொங்கின பின்னின்ர நுனியில சவுக்காரம் ஒட்டியிருந்தது. துடைக்க மறந்திட்டன்.

வீட்ட வந்து சேந்தம். கொட்டிலடியில வந்து நிண்டு, அந்தப் புதுக்கயித்தைத் தொட்டுப் பாத்தார்.

"பேசாமல் இருந்திருந்தால் நாளையிண்டைக்குச் சிவப்பி வந்திருக்கும். ஏனடி குத்தினனீ?"

"தங்கராசா வீட்டில சிவப்பி தின்னும், கத்தும், கண்டு போடும். அதைப் பாக்க அங்க ஆக்கள் இருக்கினம்" எண்டன். "உப்பில்லாத கறியைப் பேசாமல் தின்னிற மனுசனோட என்னால இனி ஒரு நாள் இருக்க ஏலாது. அந்தக் கதிரையையும் கொத்தி அடுப்பில வைக்கப் போறன். பிளாஸ்ரிக் எண்டாலும் வைப்பன்."

இவர் கயித்தை விட்டார். துவாயை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனார். நான் தங்கராசாவுக்கு ரெலிபோன் எடுத்து, "தம்பி, மாடு உங்கடைதான்" எண்டு சொன்னன். "அது தவிடு தண்ணியை இளஞ்சூட்டிலதான் குடிக்கும், மறந்திடாதையுங்கோ" எண்டு சொல்லேக்க குரல் உடைஞ்சு போச்சு. போனை வைச்சிட்டுக் கொட்டில் கப்புத்தூணைப் பிடிச்சுக்கொண்டு நல்லா அழுதன்.

"ஈசு! ஏய் ஈசு! சவுக்காரம் எங்க?" எண்டு கிணத்தடியில இருந்து ஒரு கத்தல்.

நான் மூக்கைத் துடைச்சன். "குளிக்கவோ, ஓட்டை அடைக்கவோ?"

"குளிக்கத்தானடி! கொண்டு வா கெதியா!"

நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். மீனம்மா வேலியால எட்டிப் பாத்தா.